மிளகுக்குக் கழிப்பிடம் பழக்கியதும் கணவர் மனம் மாறியதும்

மிளகு எங்கள் வீட்டுக்கு வந்தபோது அவளுக்கு 9 வார வயது. டாஷ்ஹண்ட் இன நாய்க்குட்டி. கறுப்பு உடம்பு, கண்ணுக்கு மேலே செம்பழுப்புப் பொட்டு, தரையை உரசுகிற வயிறு. நாங்கள் இருப்பது மடிப்பாக்கத்தில், அடுக்குமாடிக் குடியிருப்பின் இரண்டாவது மாடி. நான், கணவர், ஏழாம் வகுப்பு படிக்கும் மகள், மாமியார். நாய் வேண்டும் என்று அடம்பிடித்தது மகள். நேரில் போய்ப் பார்த்து, பிடித்துப்போய், மடியில் வைத்துத் தூக்கி வந்தது கணவர். சில வாரங்களில் அவரே, "இது நமக்குச் சரிப்பட்டு வராது. தோட்டம் இருக்கிற வீட்டுக்காரங்க யாராவது கேட்டா கொடுத்துடலாம்" என்றார். கத்திச் சொல்லியிருந்தால் கோபத்தில் பேசுகிறார் என்று விட்டிருப்பேன். நிதானமாகச் சொன்னார். அதுதான் என்னைக் கலங்கடித்தது.

அவர் பக்கத்தைச் சொல்ல வேண்டும். ஒரகடம் பக்கம் வேலை. முதல் ஷிப்ட் வாரத்தில் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க விடியற்காலை நாலரைக்கு எழுந்துவிடுவார். இருட்டில் ஹாலுக்கு வந்தால் காலடியில் சிறுநீர் ஈரம். அதைத் துடைத்துவிட்டுக் குளிக்கப் போவதற்குள் சோஃபாவுக்குப் பின்னால் இன்னொன்று. நாங்கள் எழும்போது தரை காய்ந்திருக்கும். ஒருநாள் இரவு சாப்பாடு முடிந்து மகள் தூங்கிய பிறகு உட்கார்ந்து பேசினோம். "நாய் மேல எனக்கென்ன கோபம்? அம்மா ராத்திரி ரெண்டு தடவை பாத்ரூமுக்கு எழுந்திரிக்கிறாங்க. இந்த டைல்ஸ்ல வழுக்கி விழுந்தா இடுப்பு எலும்பு போயிடும். அதை நெனச்சாலே எனக்குத் தூக்கம் வரமாட்டேங்குது" என்றார்.

'குட்டிதானே, போகப் போகச் சரியாயிடும்' என்ற சமாதானம் இந்தப் பயத்தைப் போக்காது. பொறுமை இழந்தவருக்கு நாய் வளர்ப்புப் பாடம் எடுத்தும் பயனில்லை. முதலில் அவருடைய கஷ்டம் குறைய வேண்டும். அதனால் மிளகைப் பழக்குவதற்கு முன்பு தரையைக் காப்பாற்றுவது என்று முடிவு செய்தேன்.

பால்கனிக் கதவை ஒட்டி, மடக்கி விரிக்கிற கம்பி வேலி ஒன்றை வாங்கி நாலடிக்கு நாலடி அடைப்பு போட்டோம். ஒரு மூலையில் படுக்கை, பக்கத்தில் தண்ணீர்க் கிண்ணம், எதிர்மூலையில் செய்தித்தாள் விரித்த பிளாஸ்டிக் தட்டு. மாமியார் போகும் வழியில் இனி மிளகு வரவே முடியாது. இரவு விளக்கு ஒன்றையும் அந்த வழியில் மாட்டினோம். "வாயில்லா ஜீவனை அடைச்சு வைக்கிறது பாவம்" என்று மாமியாரே வருத்தப்பட்டார். அவருக்காகச் சொல்லவில்லை, உண்மையாகவே அது சிறை இல்லை. சாப்பாடு அங்கேதான், மெல்லும் பொம்மை அங்கேதான், பகல் தூக்கமும் அங்கேதான். கதவைச் சாத்துவது இரவிலும், யாருடைய கண்ணும் அவள்மேல் இல்லாத நேரத்திலும் மட்டும். கொஞ்ச நாளில் தூக்கம் வந்தால் தானாகவே உள்ளே போய்ச் சுருண்டுகொண்டாள். அவள் தூங்கினாளோ இல்லையோ, முதல் இரவிலிருந்தே என் கணவர் தூங்கினார்.

அடுத்து கால்நடை மருத்துவரிடம் போனோம். கணவரையும் கட்டாயப்படுத்தி அழைத்துப் போனேன். அடிக்கடி சொட்டுச் சொட்டாகப் போனாலோ, முக்கினாலோ சிறுநீர்ப் பாதையில் கிருமித்தொற்று இருக்கலாம், அப்போது எந்தப் பழக்கமும் படியாது. அதனால் முதலில் சிறுநீர்ப் பரிசோதனை. தொற்று எதுவும் இல்லை. டாக்டர் சொன்ன கணக்கு இது: குட்டியின் மாத வயதோடு ஒன்றைக் கூட்டினால் வருகிற மணி நேரம்தான் அதனால் அடக்க முடிகிற உச்சம். இரண்டு மாதக் குட்டி என்றால் 3 மணி நேரம். அதுவும் தூங்கும்போது. விழித்து விளையாடும்போது அரை மணி, முக்கால் மணிக்கே வந்துவிடும். சின்ன இனங்களுக்கு உடம்பைப் போலவே சிறுநீர்ப் பையும் சிறிது என்பதால் இன்னும் முன்னதாகவே வரலாம். நான் சொன்னால் நாய்க்கு வக்காலத்து வாங்குவதாகப் படுகிற விஷயம், டாக்டர் சொன்னபோது அவருக்கு வெறும் உடம்புக் கணக்காகக் கேட்டது. "அப்ப இது வேணும்னே பண்ணலை" என்று திரும்பி வரும்போது ஆட்டோவில் சொன்னார்.

தண்ணீரைக் குறைத்தால் போதும் என்று பக்கத்து வீட்டில் யோசனை சொன்னார்கள். தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள். சென்னை வெயிலில் குட்டிக்குத் தண்ணீரை மறைப்பது ஆபத்து. சாப்பாட்டு வேளையையும் விடக்கூடாது. சின்னக் குட்டிகள் நீண்ட நேரம் பட்டினி கிடந்தால் ரத்தச் சர்க்கரை இறங்கி நடுக்கம் கண்டுவிடும்.

தெருவுக்கு அழைத்துப் போகவும் அப்போது வழியில்லை. பார்வோ, டிஸ்டெம்பர் என்ற கொடிய தொற்றுநோய்களுக்கான தடுப்பூசித் தொடர் 16 வார வயதுவரை நீளும். வெறிநோய்த் தடுப்பூசி மூன்று மாதத்தில் போடுவது. பார்வோ கிருமி மண்ணில் பல மாதம் அழியாமல் கிடக்கும், எத்தனையோ நாய்கள் நடக்கிற தெருவில் குட்டியை இறக்கிவிட எனக்குத் துணிவில்லை. அதனால் பால்கனிதான் அவள் கழிப்பறை என்று தீர்மானித்தோம்.

செய்த வேலை மிகச் சாதாரணமானது. தூங்கி எழுந்த உடனே, சாப்பிட்டுக் கொஞ்ச நேரத்தில், விளையாட்டு நின்றதும் பால்கனித் தட்டுக்குத் தூக்கிக்கொண்டு போவது. மூக்கால் தரையைத் தேடி வட்டமடித்தால் எந்த நேரமானாலும் போவது. அங்கே போய்ப் பேசாமல் நிற்பது. முடித்த அந்த நொடியே, வேகவைத்த கோழித்துண்டு ஒன்றை அவள் நிற்கிற இடத்திலேயே கொடுப்பது. உள்ளே வந்த பிறகு கொடுத்தால் உள்ளே வந்ததற்குக் கிடைத்த பரிசு என்றுதான் அவள் எடுத்துக்கொள்வாள். ஈரமான செய்தித்தாளில் ஒரு துண்டை மட்டும் அடுத்த தாளுக்கு அடியில் வைத்துவிடுவேன், வாசனை வழிகாட்டும். வீட்டுக்குள் சிறுநீர் போய்விட்டால் பினாயில் போட்டுத் துடைப்பது போதாது. நம் மூக்குக்கு வாசனை போயிருக்கும், அவள் மூக்குக்குப் போகாது. சிறுநீரைச் சிதைக்கிற என்சைம் கலந்த திரவம் செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கிறது. அதை ஊற்றிக் கொஞ்ச நேரம் ஊறவிட்டுத் துடைத்த இடங்களை அவள் மெல்ல மறந்தாள்.

இதையெல்லாம் தாண்டி ஒன்று மட்டும் எங்களுக்குப் பிடிபடாமலேயே இருந்தது. அவர் வேலையிலிருந்து திரும்பிக் கதவைத் திறந்தால் போதும், மிளகு அந்த இடத்திலேயே சிறுநீர் போய்விடுவாள். "என்னைப் பாத்தா மட்டும் பண்ணுது பாரு" என்று அவர் குரல் உயரும். குரல் உயர உயர இன்னும் கொஞ்சம் போகும். அவளைக் கூர்ந்து கவனித்தேன். காது பின்னால் ஒட்டியிருக்கும், வால் தொடைக்குள் போயிருக்கும், உடம்பு தரையோடு தரையாகியிருக்கும். பணிந்துபோவதைக் காட்டும் சிறுநீர் அது. 'உங்களுக்கு அடங்கிவிட்டேன், விட்டுவிடுங்கள்' என்பதை நாய்க்குட்டி உடம்பால் சொல்லும் வழி. அதைத் திமிர் என்று நினைத்துத் திட்டினால், அவள் இன்னும் அடங்கிக் காட்ட வேண்டும் என்று இன்னும் கொஞ்சம் விடுவாள்.

இதைச் சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது. தன்னைப் பார்த்து அது நடுங்குகிறது என்பதை அவரால் தாங்க முடியவில்லை. மறுநாளிலிருந்து உள்ளே வந்ததும் அவளைப் பார்க்காமல், குரல் கொடுக்காமல் நேராகப் போய்த் தரையில் உட்காருவார். பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்திருப்பார். அவளாக வந்து முகர்ந்த பிறகு, தலைக்கு மேலே கை கொண்டுபோகாமல் தாடைக்குக் கீழே தடவுவார். குனிந்து நிழல்போல் கவிவதுதான் குட்டிகளுக்குப் பயம். அவரைப் பார்த்ததும் சிறுநீர் விடும் பழக்கம் மறைவதற்கு வாரங்கள் ஆயின, ஆனால் மறைந்தது. மூக்கைச் சிறுநீரில் தேய்ப்பது, பேப்பரைச் சுருட்டி அடிப்பது என்று பெரியவர்கள் சொல்லும் வைத்தியமெல்லாம் இந்த இடத்தில்தான் கெடுதல் செய்கிறது. எங்கே போகக்கூடாது என்று குட்டி கற்பதில்லை. மனிதர்கள் பார்க்கும்போது போகக்கூடாது என்று கற்றுக்கொண்டு கட்டிலுக்கு அடியில் ஒளிந்து போகும்.

கடிப்பது வேறு கதை. நாலாவது மாதத்தில் பால்பல் விழத் தொடங்கியதும் கண்ணில் படும் எதையும் மென்றாள். அவருடைய லுங்கி ஓரத்தைக் கவ்வித் தொங்குவது அவளுக்குப் பிடித்த விளையாட்டு. உதறினால் அது வேட்டையாகிவிடும். வளைக்குள் புகுந்து, அங்கே வாழும் பேட்ஜர் என்ற விலங்கைப் பிடிப்பதற்காக ஜெர்மனியில் உருவான இனம் இது, பிடித்ததை விடாத குணம் ரத்தத்திலேயே இருக்கிறது. அசையாமல் நின்று, முடிச்சுப் போட்ட பழைய துணியை நீட்டி மாற்றிக்கொள்ள வைத்தோம். ஃப்ரீசரில் வைத்த முழுக் கேரட்டும் ஈறுக்கு இதமாக இருந்தது. ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்வேன்: மாலையில் வெறிபிடித்ததுபோல் கடித்தால் பெரும்பாலும் அது தூக்கமின்மை. குட்டிக்கு ஒரு நாளில் 18 முதல் 20 மணி நேரம் தூக்கம் வேண்டும். மகள் பள்ளி விட்டு வந்து அவளைத் தூங்கவே விடுவதில்லை. கட்டாயத் தூக்க நேரம் வைத்த பிறகு பாதிக் கடி குறைந்தது.

பொறுமை இழந்தவரை நாயிடமிருந்து விலக்கி வைக்கத்தான் எனக்கும் தோன்றியது. ஆனால் விலகினால் துடைப்பது மட்டும்தானே அவர் பங்காக மிஞ்சும்? அதனால் துடைக்கும் வேலையை முழுவதும் நான் எடுத்துக்கொண்டு, 'உக்காரு' சொல்லித்தரும் வேலையை அவரிடம் கொடுத்தேன். ராத்திரிச் சாப்பாட்டில் ஒரு பிடியை அவர் கையால்தான் கொடுக்க வேண்டும். உணவை மூக்குக்கு நேரே காட்டி மெல்ல மேலே தூக்கினால் பின்பக்கம் தானாகவே தரையில் படியும், அந்தக் கணத்தில் கொடுத்துவிட வேண்டும். இரண்டு நிமிஷ வேலை. மகள் 'சிட்' என்பாள், மாமியார் 'உக்காரும்மா' என்பார். எல்லோரும் ஒரே சொல்லுக்கு வந்தோம். அவள் அவர் சொல்லுக்கு உட்கார்ந்த அன்று, "ஏய், இங்க வந்து பாருங்க" என்று வீட்டையே கூப்பிட்டார். தோட்டம் உள்ள வீட்டைப் பற்றிய பேச்சு அதன் பிறகு எழவில்லை.

எல்லாம் நேர்கோட்டில் போகவில்லை. ஐப்பசி மழையில் பால்கனி நனைந்தபோது ஈரத்தில் கால் வைக்க மறுத்து மறுபடி ஹாலில் போனாள், தட்டைக் கூரைக்கடியில் நகர்த்தினோம். தடுப்பூசிகள் முடிந்ததும் கீழே நடக்கப் போகும் பொறுப்பை அவரே எடுத்துக்கொண்டார். நீள முதுகு கொண்ட இந்த இனத்துக்கு முதுகெலும்புத் தட்டு விலகும் நோய் வரும் என்பதால் மாடிப்படியில் இறங்க விடுவதில்லை. மார்புக்கு அடியில் ஒரு கை, பின்பக்கத்துக்கு அடியில் ஒரு கை கொடுத்துத் தூக்கிப் போவார்.

இப்போது மிச்சமிருப்பது அழைப்பு மணிக்குக் குரைப்பது. மணி ஓசையைச் செல்போனில் பதிவு செய்து, மிகச் சன்னமாக ஒலிக்கவிட்டு, அவள் பேசாமல் இருக்கும்போது கோழித்துண்டு கொடுத்து, சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி வருகிறோம். பாதி ஒலிவரை அமைதியாக இருக்கிறாள். கூரியர்காரர் உண்மையாகவே வந்து மணி அடித்தால் இன்னும் மாடி முழுக்கக் கேட்கிறது.