எத்தனை படி வெளியே தெரியுது?

காரைக்குடியைச் சுற்றியுள்ள நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) கோயில்கள் ஒன்பதையும் ஒரே நாளில் காரில் பார்த்துவிடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. நானும் அந்தத் திட்டத்தோடுதான் மாசிக் கடைசியில் ரயில் ஏறினேன். கூட வந்த ஆச்சி அதைக் கெடுத்தார். ஆச்சி எங்கள் பக்கத்து வீட்டுக்காரர், பூர்வீகம் செட்டிநாடு, வயது எழுபத்தெட்டு.

முதலில் பிள்ளையார்பட்டி. குடைவரைக்குள் கற்பக விநாயகர் பாறையோடு பாறையாக அமர்ந்திருக்கிறார். இரண்டே கை, வலம்புரித் துதிக்கை, ஆறடி உயரம். கூட்டம் அதிகமில்லாததால் நின்று கும்பிட முடிந்தது. வெளியே வந்ததும் எல்லோரும் மோதகம் வாங்கப் போக, ஆச்சி நேராகத் திருக்குளத்துக்கு நடந்தார்.

"தம்பி, எத்தனை படி வெளியே தெரியுது? எனக்குக் கண்ணு சரியில்ல, எண்ணிச் சொல்லு."

பதினொன்று என்றேன். "மாசிக்குப் பரவாயில்ல" என்றார். அவருக்குத் தரிசனம் அப்போதுதான் முடிந்தது.

இந்த ஊரின் பழைய பெயர்களில் ஒன்று மருதங்குடி. ஈசனுக்கு மருதீசர் என்று பெயர், தலமரமும் மருதம். மருதம் ஆற்றங்கரையில் நிற்கிற மரம். சுற்றிலும் பார்த்தால் செம்மண்ணும் பனையும் சீமைக்கருவேலமும்தான். ஒன்பது கோயில் ஊர்களில் இலுப்பைக்குடியும் உண்டு, வேலங்குடியும் உண்டு. அந்தப் பட்டியலைப் படித்தாலே எந்த மண்ணில் எது நின்றது என்று கொஞ்சம் பிடிபடுகிறது.

அடுத்தது பக்கத்திலேயே வைரவன்பட்டி. வளரொளிநாதர் கோயிலில் தூண் சிற்பங்களை விட்டு நகர மனம் வரவில்லை, அதைத் தனியாக எழுத வேண்டும். வைரவர் சூலத்தை ஊன்றி வரவழைத்த தீர்த்தம் என்று இங்கே சொல்வார்கள். நிலத்துக்கு அடியில் தண்ணீர் இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்தவர் சாமியாகத்தானே இருக்க முடியும், இந்த ஊரில்? ஆச்சி அங்கேயும் படி எண்ணச் சொன்னார்.

இளையாத்தங்குடிக்குப் போகும் வழியில் நகரத்தார் கதையை ஆரம்பித்தார். காவிரிப்பூம்பட்டினத்தில் இருந்தவர்கள் சோழ ராஜாவோடு மனத்தாங்கலாகிப் பாண்டிய நாட்டுக்கு வந்தார்கள் என்பது மரபு. கடல் பொங்கியதையும் சேர்த்துச் சொல்பவர்கள் உண்டு. செட்டிநாட்டு வீடுகளின் உயர்ந்த அடித்தளத்துக்குக்கூட அந்தப் பயத்தைக் காரணமாகச் சொல்வார்கள். ஓடிக் களைத்தவர்கள் இளைப்பாறிய குடி என்று இளையாத்தங்குடிக்குப் பெயர்க்காரணமும் தயார். "கடலுக்குப் பயந்து வந்த சனம், இங்க குடிக்கத் தண்ணி எங்கேன்னு நின்னுச்சு" என்றார் ஆச்சி. கைலாசநாதரையும் நித்தியகல்யாணியையும் கும்பிட்டபோது நடை சாத்தும் நேரம் நெருங்கியிருந்தது. அதோடு மதியம். ஆறு கோயில் பாக்கி.

சாப்பாடு ஆச்சியின் பூர்வீக வீட்டில். முகப்பு, பட்டாலை தாண்டினால் வளவு, அதாவது வானம் பார்த்த முற்றம். நாலு பக்கத்து ஓட்டுச் சரிவும் வளவை நோக்கியே இறங்குகிறது. முதல் மழை ஓட்டைக் கழுவிக்கொண்டு போய்விடும். அடுத்த மழைக்குத்தான் அண்டாவின் வாயில் துணி கட்டி வைப்பார்களாம். மிஞ்சியது வீட்டுக் கிணற்றுக்கும், தெருக்கால் வழியாக ஊர்ப் பொதுக்குளமான ஊருணிக்கும் போகும். 2003-ல் தமிழ்நாடு முழுக்க மழைநீர் சேகரிப்புக் கட்டாயமானபோது குழாய் போட ஆள் வந்தார்களா என்று கேட்டேன். "எங்க போடுறதுன்னு அவுகளே முழிச்சாக" என்று சிரித்தார்.

சிவகங்கை மாவட்டத்துக்கு ஆண்டு மழை சுமார் 900 மில்லிமீட்டர். ராஜஸ்தான் பாலைவனத்துக்குக் கிடைப்பதைப் போலப் பல மடங்கு. ஆனால் அதில் கிட்டத்தட்டப் பாதி ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிக் கொட்டித் தீர்த்துவிடும். தேனாறு, மணிமுத்தாறு, விருசுழி எல்லாம் மழை ஓய்ந்தால் மணல்தான். காரைக்குடிப் பக்கம் செம்புறாங்கல்லுக்குக் கீழே மணற்பாறை இருப்பதால் நிலத்தடி நீர் தங்குகிறது; சம்பை ஊற்றுத் தண்ணீரின் ருசியைப் பற்றி அந்த ஊர்க்காரர்கள் பேச ஆரம்பித்தால் நிறுத்த முடியாது. சில கிலோமீட்டர் மேற்கே, குன்றக்குடி, பிள்ளையார்பட்டிப் பக்கம் பாறை தலைநீட்டுகிறது. அங்கே பாறை வெடிப்பில் தண்ணீர் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் எத்தனை அடி போர் போட்டாலும் புழுதிதான். சாமிக்குக் குடைய வாகான பாறை, கிணற்றுக்கு வாகில்லை.

அதனால்தான் ஊருணி. வயலுக்குக் கண்மாய், குடிக்க ஊருணி. குடிதண்ணீர் ஊருணியில் கால் நனைக்கக் கூடாது. குளிக்க வேறு ஊருணி. கலங்கல் தெளிய, பானைக்குள் தேத்தாங்கொட்டையை உரைத்துவிடுவார்கள். கோடையில் ஊருணி வற்றினாலும் கைகொடுக்க, அதற்குள்ளேயே கிணறு தோண்டியிருக்கும் ஊர்களும் உண்டு. கடல் கடந்து சம்பாதித்த பணத்தில் தேக்கும் பளிங்கும் வந்தது எல்லோருக்கும் தெரியும். அதே பணத்தில் ஊருணிக்குச் சுற்றிலும் கல் படியும் வந்தது. என்னைக் கேட்டால் அரண்மனை வீடுகளைவிட அதுதான் பெரிய கட்டடம்.

வழியில் ஓர் ஊரில் ஊருணி இருந்தது, தண்ணீர் இல்லை. தண்ணீர் வரும் வரத்துக்காலின் மேல் வீடு எழும்பியிருந்தது, உள்ளே பிளாஸ்டிக் பைகள். ஆச்சி அங்கே இறங்கவே இல்லை. காரிலிருந்தே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வெயில் தாழ்ந்ததும் அவருடைய ஊர் ஊருணிக்குப் போனோம். செருப்பை மேல்படியிலேயே விட்டுவிட்டு, கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி மெதுவாக இறங்கினார். கல்யாணமாகி வந்த புதிதில் தினம் இரண்டு நடை, இடுப்பில் ஒன்று தலையில் ஒன்று. தண்ணீருக்கு ஒரு படி மேலேயே நின்று, குனிந்து கையில் கொஞ்சம் அள்ளிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"எத்தனை?"

"பதினேழு ஆச்சி."

"இருக்காது. ஒண்ணு விட்டுட்ட. கீழேயிருந்து எண்ணு."

எண்ணினேன். பதினெட்டு.