அடுப்படியில் நின்றால் வெள்ளவத்தை, படலையடியில் நின்றால் பாலையூற்று

சாம்பல்தீவிலிருந்து அழைத்த அக்கா எடுத்த எடுப்பிலேயே கேட்டார்: "தங்கச்சி, நீங்கள் திருகோணமலையிலா இருக்கிறீர்கள், கொழும்பிலா?"

அவருடைய தகப்பனாரின் 60ஆவது பிறந்தநாளுக்கு இரண்டு கிலோ ரிச் கேக். முற்பணம் வந்துவிட்டது, ஐசிங்கும் முடிந்துவிட்டது. கேக்கை எடுத்துப்போகத் திருகோணமலை பாலையூற்றில் உள்ள எங்கள் வீட்டுக்கு அவருடைய கணவர் புறப்பட்டு, நான் வாட்ஸ்அப்பில் அனுப்பிய இருப்பிடத்தைத் திறந்து பார்த்தால், கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில் புள்ளி நிற்கிறதாம். பணத்தை வாங்கிக்கொண்டு ஏமாற்றப் பார்க்கிறாள் என்று அவர்கள் நினைத்ததில் நான் பிழை சொல்ல மாட்டேன். மறுபடி அனுப்பினேன். மறுபடியும் வெள்ளவத்தை. வீதியால் 250 கிலோமீற்றருக்கு மேல் தள்ளி நின்றுகொண்டு, '20 மீற்றருக்குத் துல்லியம்' என்று கீழே எழுதியும் காட்டியது. கடைசியில் பாலையூற்றுச் சந்தி வரை நானே கேக்கைச் சுமந்துபோய்க் கொடுத்தேன்.

அடுத்த நாள் போன் திருத்தும் கடைக்குப் போனேன். அங்கே வைத்துப் பார்த்தபோது புள்ளி சரியாகக் கடை வாசலிலேயே நின்றது. அதற்கும் அந்தத் தம்பியிடம் பதில் இருந்தது. "அதுதான் அக்கா, விட்டுவிட்டு வேலை செய்கிறது. ஜிபிஎஸ் அன்டெனா தளர்ந்தால் இப்படித்தான். மாற்ற 7,500 ரூபாய்." வீட்டில் கேட்டுவிட்டு வருகிறேன் என்று எழுந்தேன். பார்வைக் கூலி 500 ரூபாய் என்று துண்டு எழுதி நீட்டினார். கொடுத்துவிட்டு வந்தேன்.

இதற்கிடையில் மடிக்கணினியிலும் ஒரு கரைச்சல். கேக் கட்டளைகளுக்காக அண்ணன் மகன் ஒரு சின்ன இணையப் பக்கம் செய்து தந்திருந்தான். அதில் 'என் இருப்பிடம்' என்ற பொத்தானை அழுத்தினால் தூரத்தைக் கணக்கிட்டு அனுப்பும் கூலியைச் சொல்ல வேண்டும். அழுத்தினால் ஒன்றும் நடக்கவில்லை. எப்போதோ எரிச்சலில் 'தடைசெய்' என்று தட்டியிருக்கிறேன். ஒருமுறை தட்டினால் உலாவி பிறகு கேட்பதே இல்லை. முகவரிக்குப் பக்கத்தில் உள்ள சின்னத்தைத் தொட்டு அந்தத் தளத்துக்கான அனுமதியை மாற்றினேன். விண்டோஸ் அமைப்புகளிலும் இருப்பிடச் சேவை அணைந்து கிடந்தது. அதையும் போட்ட பிறகு பார்த்தால், பக்கமே பூட்டில்லாத பழைய முகவரியில் ஓடிக்கொண்டிருந்தது. எச்டிடிபிஎஸ் என்று தொடங்கும் பாதுகாப்பான முகவரி இல்லாத பக்கங்களுக்குக் குரோம் உலாவி 2016ஆம் ஆண்டிலிருந்தே இருப்பிடம் கொடுப்பதில்லை. அதை மருமகன் பத்து நிமிடத்தில் சரிசெய்துவிட்டான். எல்லாம் முடித்து ஆசையோடு பொத்தானை அழுத்தினேன்.

வெள்ளவத்தை.

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். போனின் அன்டெனா பழுதென்றால் மடிக்கணினி ஏன் அதே ஒழுங்கையைக் காட்டுகிறது? அதற்கு ஜிபிஎஸ்ஸே கிடையாதே. ஆனால் எனக்குத் தட்டவில்லை. மின்சார சபைதான் தட்டிக் காட்டியது.

ஒரு வியாழக்கிழமை மாலை, அடுப்படியில் நின்று வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது மின்சாரம் நின்றது. மின்விசிறி ஓய்ந்தது. கையில் இருந்த போனில் நீலப் புள்ளி ஒரு கணம் மங்கி, பெரிய வட்டமாக விரிந்து, நேராகத் திருகோணமலைக்கு வந்து குந்தியது. நான் அசையவில்லை. அரை மணி நேரத்தில் மின்சாரம் வந்தது. கூடத்து மேசையில் வைஃபை ரவுட்டரின் பச்சை விளக்குகள் ஒவ்வொன்றாக ஏறின. புள்ளி வெள்ளவத்தைக்குத் திரும்பிப் போய்விட்டது. ரவுட்டரின் பிளக்கைக் கழற்றினேன், பாலையூற்று. செருகினேன், வெள்ளவத்தை. சின்னப் பிள்ளை மாதிரி நாலு தரம் செய்து பார்த்தேன்.

வெள்ளவத்தையில் நாலு வருடம் இருந்த வாடகை வீட்டில் ஓடியது இதே ரவுட்டர்தான். சிம் போடும் வகை. ஆறு வாரத்துக்கு முன் ஊருக்கு வந்தபோது கழற்றி, சட்டி பானைகளோடு லொறியில் ஏற்றி, இங்கே செருகிவிட்டோம். ஒவ்வொரு ரவுட்டருக்கும் தனக்கென்று ஓர் எண் உண்டு. அந்தப் பக்கத்தால் போய்வரும் போன்கள் 'இன்ன எண் இன்ன இடத்தில் கேட்கிறது' என்று கூகுள் போன்றவர்களுக்குச் சொல்லி வைத்திருக்கின்றன. வெளியில் நின்றால் போன் 20,000 கிலோமீற்றருக்கு மேலே சுற்றும் செய்மதிகளில் குறைந்தது நான்கையாவது பிடித்துத் தன் இடத்தைக் கணக்கிடும். கொங்கிறீட் தட்டுக்குக் கீழே அது முடியாதபோது, பக்கத்தில் கேட்கும் வைஃபையைத்தான் நம்பும். எங்கள் வளவோ பெரியது, ஒதுக்குப்புறம். அயலவர் ரவுட்டர் எதுவும் எட்டாது. ஒரே சாட்சி, அதுவும் பழைய முகவரியைச் சொல்லும் சாட்சி.

இணைய நிறுவனத்தின் வாடிக்கையாளர் இலக்கத்தில் 25 நிமிடம் பாட்டுக் கேட்டேன். ரவுட்டரை அணைத்துப் போடச் சொன்னார்கள். நன்றி சொல்லி வைத்துவிட்டேன்.

முதலில் வைஃபையின் பெயரை முற்றாக மாற்றிப் பார்த்தேன். பயனில்லை, எண் அதேதானே. பிறகு தெரிந்த வழி: பெயரின் இறுதியில் ஓர் அடிக்கோடு, அதையடுத்து இடைவெளியின்றி 'நோமேப்' (_nomap) என்று ஐந்து சின்ன ஆங்கில எழுத்துகள். அப்படி முடியும் ரவுட்டரை இருப்பிடம் கணிக்கப் பயன்படுத்துவதில்லை என்று கூகுளே வைத்திருக்கும் ஏற்பாடு இது. உடனே பலிக்காது. எனக்குச் சில நாள் எடுத்தது. மாற்றியதும் வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளையும் மறுபடி இணைக்க வேண்டும். மாமியின் தொலைக்காட்சியை மறந்து, நாடக நேரத்தில் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

சோதித்துப் பார்க்க நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: அன்ட்ரொயிட் போனில் வைஃபையை அணைத்தால் மட்டும் போதாது. இருப்பிட அமைப்புகளுக்குள் 'வைஃபை தேடல்' என்று ஒன்று தனியாக ஓடிக்கொண்டிருக்கும், அதையும் நிறுத்த வேண்டும். இன்னொன்று, வரைபடத்தில் நீலப் புள்ளியை அழுத்திப் பிடித்தால் இரண்டு எண்கள் வரும். முதலாவது 8 என்று தொடங்கினால் திருகோணமலைப் பக்கம், 6 என்றால் கொழும்புப் பக்கம். யாருக்கும் அனுப்பும் முன் இப்போது அதைத்தான் பார்க்கிறேன்.

இவ்வளவும் முடிந்து மூச்சு விடும்போது முச்சக்கர வண்டி அண்ணாவின் முறை. மூதூருக்குக் கேக் கொண்டுபோனவரின் நேரலை இருப்பிடம் சீனக்குடாவோடு நின்றது. 15 நிமிடம் என்று தெரிவுசெய்திருக்கிறார். வாட்ஸ்அப்பில் இருப்பவை 15 நிமிடம், ஒரு மணி, எட்டு மணி, அவ்வளவுதான். அடுத்த முறை எட்டு மணி போட்டார். புள்ளி கிண்ணியாப் பாலத்தின் நடுவில், தண்ணீருக்கு மேலே, முக்கால் மணி நேரம் அசையாமல் நின்றது. எனக்கு வயிறு கலங்கிவிட்டது. அழைத்தால், "தங்கச்சி, நான் கேக்கைக் கொடுத்துத் தேத்தண்ணியும் குடித்துவிட்டேன்" என்கிறார். பற்றரிச் சேமிப்பு போட்டிருந்தார். திரை அணைந்ததும் போன் வாட்ஸ்அப்பை உறங்க வைத்துவிட்டது. அனுமதியும் 'செயலியைப் பயன்படுத்தும்போது மட்டும்' என்றிருந்தது. அதை 'எப்போதும்' என்று மாற்றி, 'துல்லியமான இருப்பிடம்' என்பதையும் போட்டு, வாட்ஸ்அப்பைப் பற்றரிச் சேமிப்பிலிருந்து விலக்கிக் கொடுத்தேன். போன ஞாயிறு அவர் பாலத்தைக் கடந்து மூதூர் வரை ஊர்ந்துபோனதை ஐசிங் கையோடு பார்த்துக்கொண்டிருந்தேன்.

மடிக்கணினி இப்போது வெள்ளவத்தையை விட்டுவிட்டது. பொதுவாகக் 'கொழும்பு' என்கிறது, இணைய நிறுவனம் எங்கள் இணைப்புக்குக் கொடுத்த ஐபி முகவரியைப் பார்த்துச் சொல்கிறதாம். அதனோடு மல்லுக்கட்ட எனக்கு நேரமில்லை. வரைபடத்தைச் செய்மதிப் படமாக மாற்றி, எங்கள் கிணற்றை அடையாளம் பிடித்து, பக்கத்துக் கூரையில் விரலை அழுத்தி ஒரு குறியிட்டு வைத்திருக்கிறேன். கட்டளை வந்தால் அந்தக் குறிதான் போகும்.

சாம்பல்தீவு அக்கா நேற்று மறுபடி அழைத்தார், மகளின் பூப்புனித நீராட்டு விழாவுக்கு நாலு கிலோ. "இடம் அனுப்பட்டுமா அக்கா?" என்று கேட்டேன். வேண்டாமாம், பாலையூற்றுச் சந்திக்கே வந்துவிடுகிறார்களாம்.