அதே ஐந்து ஸ்வரம், வேறு ஸட்ஜம்

தத்துப்பிள்ளை ஒருத்தியைப் பற்றி, பதின்வயதினருக்காக, இசையும் சேர்த்து ஒரு கவிதை நாவல் எழுதுகிறீர்களா? பெரும்பாலானவர்கள் அவள் கையில் ஒரு கிடாரைக் கொடுத்துவிட்டு, கடைசியில் ஒரு மேடையும் போட்டுவிடுகிறார்கள். எனக்கு அது போதாது. இசை கவிதையின் கட்டுமானத்துக்குள் இறங்க வேண்டும்.

கர்நாடக இசையின் கிரக பேதத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: ஸ்வரங்களை மாற்றாமல், ஆதாரமான ஸட்ஜத்தை (ஸ) மட்டும் வேறொரு ஸ்வரத்துக்கு நகர்த்தினால் வேறு ராகம் கிடைக்கும். மோகன ராகத்தின் ஸ ரி க ப த அப்படியே இருக்க, ரிஷபத்தை (ரி) ஸட்ஜமாகக் கொண்டால் மத்யமாவதி. காந்தாரத்தை (க) கொண்டால் ஹிந்தோளம். தான் தத்துப்பிள்ளை என்ற உண்மை தெரியவரும் பெண்ணுக்கும் இதேதான் நடக்கிறது. அதே வீடு, அதே மனிதர்கள், ஆதாரம் மட்டும் நகர்ந்துவிட்டது.

நாவலின் தொடக்கத்தில் இப்படி ஐந்து வரி வையுங்கள்:

அம்மா தலை வாரிவிடுகிறாள்
கண்ணாடியில் இரண்டு முகங்கள்
யாரும் ஒன்றும் சொல்வதில்லை
பின்னல் இறுகுகிறது
எனக்கு வலிக்கவில்லை

உண்மை தெரிந்தபின், ஒரு சொல்லும் மாற்றாமல், மூன்றாம் வரியிலிருந்து தொடங்குங்கள்:

யாரும் ஒன்றும் சொல்வதில்லை
பின்னல் இறுகுகிறது
எனக்கு வலிக்கவில்லை
அம்மா தலை வாரிவிடுகிறாள்
கண்ணாடியில் இரண்டு முகங்கள்

முதலில் நெருக்கமாக இருந்த மௌனம் இப்போது மறைப்பாகிறது. இரண்டு முகங்களின் ஒட்டாத சாயலில் போய்க் கவிதை நிற்கிறது. 'ஆனால்', 'அதனால்', 'பிறகு' போன்ற சொற்கள் வந்தால் வரிகள் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும், சுழற்ற முடியாது. நாவல் முழுக்க இரண்டு முறைக்கு மேல் செய்தால் வித்தை வெளியே தெரிந்துவிடும்.

வரி முறிப்புக்குத் தமிழ் தரும் வசதி, வினை கடைசியில் வருவது. 'என்னைப் பெற்றவள் அம்மா' என்று நிறுத்தி, 'இல்லை'யை அடுத்த வரிக்குத் தள்ளலாம். இதையும் அடிக்கடி செய்தால் வாசகர் முன்கூட்டியே எதிர்பார்க்கத் தொடங்கிவிடுவார். எழுதி முடித்த கவிதையை ஒரே பத்தியாகச் சேர்த்துப் படித்துப் பாருங்கள். எதுவும் குறையவில்லை என்றால் அது உரைநடைதான்.

அவள் இயற்றும் பாட்டுகளில் எதுகை, மோனை, பல்லவி எல்லாம் இருக்கட்டும். கதை சொல்லும் கவிதைகளில் அவற்றைக் குறைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒரே ஓசையில் ஓடினால் அவள் எப்போது பாடுகிறாள் என்றே தெரியாது.

சொற்களில் கவனம் தேவை. 'சொந்த அம்மா யார்?' என்று உறவினர் கேட்கலாம், கேட்பார்கள். அவள் வாயில் 'வளர்த்த அம்மா' எளிதாக வரக் கூடாது. அவளுக்கு எப்போதும் 'அம்மா'தான். அந்த அடைமொழியை அவள் முதன்முதலாகச் சேர்க்கும் இடத்துக்குத் தனிப் பக்கம் கொடுங்கள். அந்தப் பக்கத்தில் வேறு வரியே வேண்டாம்.