கூலி என்றைக்குப் போகிறது?

கோலாப்பூரி செருப்பு செய்து விற்கிறோம் என்று சொன்னதும், வாங்க வருகிறவர்களும் சரி, கடன் கொடுக்கும் வங்கிக்காரர்களும் சரி, முதலில் கேட்பது ஒன்றுதான்: ஒரு ஜோடிக்குத் தைக்கிறவருக்கு எவ்வளவு போகிறது? கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் இந்தத் தொழிலுக்குள் வந்த பிறகு எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது இன்னொரு கேள்வி. அந்தப் பணம் என்றைக்குப் போகிறது? அதை இதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை.

எங்களுக்காகத் தைக்கும் குடும்பங்கள் பெலகாவி மாவட்டம் அத்தணியைச் சுற்றியுள்ள ஊர்களில் இருக்கின்றன. பெயரில் கோலாப்பூர் இருந்தாலும் இந்தச் செருப்பு மாநில எல்லைக்கு இரண்டு பக்கமும் உருவாகிறது. 2019-இல் புவிசார் குறியீடு கொடுத்தபோது மகாராஷ்டிரத்தில் கோலாப்பூர், சோலாப்பூர், சாங்லி, சாத்தாரா, கர்நாடகத்தில் பெலகாவி, தார்வாட், பாகல்கோட், விஜயபுரா என எட்டு மாவட்டங்களுக்கும் சேர்த்தேதான் கொடுத்தார்கள்.

இந்தத் தொழிலில் பணம் நகரும் வேகம் தோலில் இருந்து தொடங்குகிறது. அடிப்பாகத்துக்கு எருமைத்தோல், மெல்லிய பின்னலுக்கு ஆட்டுத்தோல். பழைய முறையில் பதனிடுகிறவர்கள் தோலைப் பை போலத் தைத்துத் தொங்கவிட்டு, கருவேலம்பட்டையும் கடுக்காயும் ஊறிய சாற்றை உள்ளே ஊற்றி மெல்ல மெல்ல இறங்க விடுவார்கள். தோல் தைக்கும் பக்குவத்துக்கு வர ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிடும். குரோம் உப்பில் பதனிட்டால் ஓரிரு நாளில் முடிகிற வேலை இது. ஆக, முதல் ஊசி குத்துவதற்கு வெகுநாள் முன்பே யாரோ ஒருவருடைய பணம் உள்ளே போயிருக்க வேண்டும். தைக்கிறவரிடம் அது இருப்பதில்லை. வியாபாரி தோலைக் கடனாகக் கொடுக்கிறார், செருப்பைத் தன் விலைக்கு எடுத்துக்கொள்கிறார். கடைக்குப் போன சரக்கு விற்ற பிறகுதான் வியாபாரிக்குப் பணம் வரும். அதற்கும் பிறகுதான் தைத்தவருக்கு.

அப்புறம் மழைக்காலம். ஜூனில் தொடங்கினால் செப்டம்பர் வரை தோல் சரியாகக் காயாது, பூஞ்சை பிடிக்கும். மழையில் தோல் செருப்பு வாங்குவோரும் குறைவு. அந்த மாதங்களில் வீட்டுச் செலவு வியாபாரியின் முன்பணத்தில்தான் ஓடும். மழை விட்டு வேலை தொடங்கும்போது, இனிமேல் தைக்கப்போகும் செருப்பும் அடமானத்தில் இருக்கும். இந்த நிலைமையில் கூலியை ஐம்பது ரூபாய் ஏற்றிக் கொடுத்தால் அது பழைய கடனுக்குள் போய்விடும். கூலியை மட்டும் பேசி ஒன்றும் ஆகாது என்று நான் சொல்வது இதனால்தான்.

அதனால் ஆர்டர் கொடுக்கும் அன்றைக்கே பாதிப் பணமும் தோலும் கொடுத்துவிடுகிறோம். மீதி, அவர்கள் ஊரிலேயே சரக்கைப் பார்த்து எடுக்கும் அன்று. விற்கிறதா இல்லையா என்பது எங்கள் கவலை. மழைக்காலத்துக்கு முன்பும் அடுத்த பருவத்துக்கான ஆர்டரில் ஒரு பங்கைப் பணமாகக் கொடுக்கிறோம், வட்டி இல்லாமல். இதற்கு நாங்கள் வங்கியில் கடன் வாங்குகிறோம். அந்த வட்டி செருப்பின் விலையில் சேர்கிறது, தோலும் நூலும் சேர்வதைப் போல. வாங்குகிறவர்களிடம் இதை மறைப்பதில்லை.

சட்டமும் இதற்குத் துணையாக இருக்கிறது. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு தொழில் சட்டப்படி சிறு உற்பத்தியாளருக்கு ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளில், இல்லாவிட்டால் 15 நாளில் பணம் கொடுத்தாக வேண்டும். தாமதித்தால், பணத்தைக் கொடுத்து முடிக்கும் ஆண்டு வரை அதைச் செலவாகக் காட்ட முடியாது என்று வருமான வரிச் சட்டத்திலும் ஒரு பிரிவு சேர்ந்து, 2023-24 கணக்காண்டிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. ஆனால் இதைக் கேட்டுப் பெற, தைக்கிறவர் உத்யம் பதிவு, அதாவது சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு, வைத்திருக்க வேண்டும். வீட்டுத் திண்ணையில் தைக்கிற பலரிடம் அது இல்லை. ஆதாரையும் கைப்பேசியையும் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வீடாக உட்கார்ந்து பதிவு செய்த வேலை, எங்கள் நிறுவனம் செய்த எந்த விளம்பரத்தையும்விட உருப்படியானது என்று நினைக்கிறேன்.

ஊரிலேயே சரக்கைப் பார்த்து எடுப்பதற்கும் காரணம் உண்டு. ஆன்லைனில் விற்றால் செருப்பு திரும்பி வரும். அளவு சரியில்லை, கடிக்கிறது, படத்தில் நிறம் வேறு. திரும்பிய ஜோடியின் விலையைத் தைத்தவரின் அடுத்த கூலியில் கழிப்பது இந்தத் தொழிலில் சகஜம். நாங்கள் கழிப்பதில்லை, அதனால் எடுக்கும்போது பார்வை கறாராக இருந்தாக வேண்டும். அதை நான் கற்றுக்கொண்டது அங்குள்ள ஒரு பெரியவரிடம். இரண்டு செருப்பையும் அடியோடு அடி சேர்த்துப் பிடித்து வெளிச்சத்தில் பார்ப்பார். முன்பக்கத்தை வளைத்து விடுவார். பிறகு கண்ணை எடுத்துவிட்டு, கட்டைவிரலை மட்டும் விளிம்போடு ஓடவிடுவார். இதில் ஆணி கிடையாது, தோல் வாரைக் கொண்டுதான் அடுக்குகளைத் தைக்கிறார்கள். குத்தூசித் துளை விளிம்புக்கு ஒரு நூல் கூடுதலாக நெருங்கிவிட்டாலும் நடக்க நடக்க அங்கேதான் கிழியும். விரல் அந்த இடத்தில் நின்றுவிடும். தன் மகன் தைத்ததாக இருந்தாலும் தனியே எடுத்து வைத்துவிடுவார்.

பெண்களின் வேலையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வெட்டுவதும் அடிப்பாகம் தட்டுவதும் பெரும்பாலும் ஆண்கள். மேல்பட்டையின் பின்னல், துளையிட்ட பூ வேலை, நுணுக்கமான தையல் எல்லாம் பெண்கள். வாங்குகிறவர் கண்ணைப் பறிப்பது பெண்களின் வேலை, ஆனால் கூலி ஆணின் கைக்குப் போகும். வீட்டு வேலையோடு வேலையாக அதைக் கணக்கில் சேர்க்கவே மாட்டார்கள். அரசுத் திட்டங்களிலும் இதே சிக்கல். 2023-இல் வந்த பி.எம். விஸ்வகர்மா திட்டத்தில் செருப்புத் தைப்பவர்களுக்கு முதலில் ஒரு லட்சம், அடுத்து இரண்டு லட்சம் ரூபாய் வரை 5 சதவீத வட்டியில் கடன் உண்டு. நல்ல திட்டம். ஆனால் ஒரு குடும்பத்தில் ஒருவருக்குத்தான். அந்த ஒருவர் யாராக இருப்பார் என்று சொல்லத் தேவையில்லை.

நாங்கள் ஒரு ஜோடியின் கூலியை வேலை வேலையாகப் பிரித்தோம். பின்னலுக்கு இவ்வளவு, பூ வேலைக்கு இவ்வளவு என்று, செய்கிற பெண்ணின் கணக்கிலேயே போடுகிறோம். சில வீடுகளில் முறைப்பு இருந்தது. "ஒரே அடுப்புதானே, எதற்கு இரண்டு கணக்கு?" என்று கேட்டவர்கள் உண்டு. பதில் சொன்னது நான் இல்லை, பக்கத்தில் பின்னிக்கொண்டிருந்த அக்கா: "அடுப்பு ஒன்றுதான், முதுகு இரண்டு." அதற்கு மேல் பேச்சு நீளவில்லை.

2025 ஜூனில் மிலான் ஃபேஷன் மேடையில் இத்தாலிய ஆடம்பர நிறுவனமான பிராடா இதே வடிவச் செருப்பைக் காட்டி, இந்தியாவில் எதிர்ப்பு எழுந்து, இந்தியக் கைவினையிலிருந்து எடுத்ததுதான் என்று அந்த நிறுவனம் ஒப்புக்கொண்ட சமயம், எங்களுக்கும் நிறைய அழைப்புகள் வந்தன. எல்லோருக்கும் நிறைய வேண்டும், உடனே வேண்டும். தோல் பதமாக ஒரு மாதம் ஆகும் என்றால் அடுத்த அழைப்பு இல்லை. புவிசார் குறியீடு பெயரைக் காக்கிறது, வடிவத்தைக் காக்காது. கூலியைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. ரெக்சினில் செய்ததும் கோலாப்பூரி என்ற பெயரில் சந்தையில் கிடைக்கத்தான் செய்கிறது. அதோடு ஒப்பிட்டால் எங்கள் விலை எப்போதும் கூடத்தான். 2025 செப்டம்பரில் 2,500 ரூபாய் வரையிலான செருப்புக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதமானது அந்த இடைவெளியைக் கொஞ்சம் குறைத்தது.

அடுத்த தலைமுறை இதைத் தொடருமா என்றும் கேட்கிறார்கள். தைக்கிற வீடுகளில் ஹரளய்யரின் படம் பார்த்திருக்கிறேன். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சாதி வேற்றுமையை எதிர்த்த பசவண்ணரோடு இருந்த செருப்புத் தொழிலாளி அவர். அவருடைய மகனுக்குப் பிராமணராகப் பிறந்த மதுவரசரின் மகளை மணமுடித்ததற்காக இரு தகப்பன்மாரையும் கொன்றார்கள் என்று அங்கே சொல்வார்கள். அந்தப் படத்துக்குக் கீழே உட்கார்ந்து, உங்கள் பிள்ளையும் இதையே செய்ய வேண்டும் என்று சொல்ல எனக்கு வாய் வராது. நர்சிங் படிக்கும் பெண்கள் இருக்கிறார்கள், ஐ.டி.ஐ. போன பையன்கள் இருக்கிறார்கள். விரும்பித் தங்குகிறவருக்கு இதில் மரியாதையான வருமானம் இருக்க வேண்டும். பிள்ளைகள் வேறு வழியில்லாமல் தங்கினால்தான் எங்கள் வியாபாரம் நிலைக்கும் என்றால், அது நிலைக்கத் தேவையில்லை.

இந்தப் பருவத்துக்கு முன் பின்னல் வேலை செய்யும் பெண்கள் சேர்ந்து வந்து, இரட்டைப் பின்னல் மாடலுக்குக் கூலி போதாது என்றார்கள். ஒற்றைப் பின்னலுக்கு ஆகும் நேரத்தையும் இதற்கு ஆகும் நேரத்தையும் அவர்களே ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார்கள். கணக்கு சரியாகத்தான் இருந்தது. புதிய கூலி அடுத்த ஆர்டரிலிருந்து அமலுக்கு வருகிறது, அந்த மாடலின் விலையும் அதற்கேற்ப ஏறும்.