ஒன்பதாம் எண்

சிங்கப்பூரில் என் தமிழ் வகுப்பில் வருகை எடுக்கும்போது எண்ணைத்தான் கூப்பிடுவேன். மூன்று வகுப்புப் பிள்ளைகள் ஒன்றாக வந்து உட்காரும் நேரம். பெயர் பெயராகக் கூப்பிட்டால் பாடம் தொடங்க நேரமாகிவிடும். எட்டு முடிந்து ஒன்பது என்றதும் பின்வரிசையில் சிரிப்பு கிளம்பும். ஏன் என்று தமிழ் தெரிந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அந்த எண்ணுக்குரியவன் கால்பந்துக் குழுவில் இருந்தவன், நல்ல உயரம். இடுப்பை ஒரு வெட்டு வெட்டி, குரலை மெலிதாக்கி, "வந்துட்டேன் சார்" என்பான். வகுப்பே உருளும். திருநங்கை, தன்பாலீர்ப்பாளர், மென்மையாகப் பேசும் பையன் எல்லாருக்கும் அவர்களிடம் அந்த ஒரே எண்தான்.

நானும் சிரிப்பேன். உதட்டோரமாக, பேனாவை எடுக்காமல், பட்டியலைப் பார்த்தபடி.

2022 ஆகஸ்ட் 22, திங்கட்கிழமை. முந்தின இரவு தேசிய தினப் பேரணியில் பிரதமர் லீ சியன் லூங் 377ஏ பிரிவு நீக்கப்படும் என்று அறிவித்திருந்தார். ஆணும் ஆணும் உறவு கொள்வதைக் குற்றமாக்கி, வெள்ளைக்காரன் காலத்தில், 1938இல் வந்த சட்டம். ஆசிரியர் அறையில் மூத்த ஆசிரியை ஒருவர், "பிள்ளைங்க கேட்டா, சட்டம் மாறுது, திருமணத்துக்கு இருக்கிற விளக்கம் மாறலைன்னு சொல்லிட்டுப் பாடத்துக்குப் போயிடுங்க" என்றார். அதை மனப்பாடம் செய்துகொண்டு போனேன்.

யாரும் கேட்கவில்லை. ஒன்பது என்று கூப்பிட்டபோது, பின்னாலிருந்து ஒரு குரல், "இனிமே அவனுக்கு லைசென்ஸ் கெடச்சாச்சு லா சார்!" அன்றைக்கு எனக்குப் பல் தெரியவே சிரிப்பு வந்துவிட்டது.

மணி அடித்த பிறகு ஒரு பையன் மட்டும் நின்றான். பயிற்சித்தாள்களைச் சேகரிப்பது அவன் வேலை. தாள்கட்டை மேசையில் தட்டித் தட்டி ஓரம் சமப்படுத்திக்கொண்டே, "சார், நீங்க ஏன் சிரிச்சீங்க?" என்றான். கோபமில்லை. றகரமா ரகரமா என்று கேட்கிற குரல்.

"சும்மா விளையாட்டுப்பா. அவனே சிரிக்கிறான்ல?"

"அவன் சிரிப்பான் சார். அவனுக்கு ஒண்ணும் இல்லையே."

"சரி சரி, அடுத்த வகுப்புக்கு நேரமாச்சு, ஓடு."

"சரி சார்." இன்னொரு முறை தாள்களைத் தட்டிவிட்டு வைத்துவிட்டுப் போனான்.

அவ்வளவுதான் நடந்தது. 'அவனுக்கு ஒண்ணும் இல்லையே' என்றதை நான் உள்வாங்கியபோது வீட்டுக்குப் போகும் ரயிலில் நின்றுகொண்டிருந்தேன். அப்படியானால் யாருக்கு இருக்கிறது?

என் பக்கமும் நியாயம் இருக்கிறது. பாலியல் கல்வியை அதற்கென்று பயிற்சி பெற்ற ஆசிரியர்கள்தாம் நடத்துகிறார்கள். வேண்டாம் என்றால் பெற்றோர் பிள்ளையை விலக்கிக்கொள்ளலாம். நான் தமிழாசிரியர். ஒரு சொல் பிசகினால் மறுநாள் ஒரு தந்தை அலுவலகத்தில் வந்து உட்காருவார். எல்லாம் சரிதான். ஆனால் அவன் என்னிடம் பாடம் கேட்கவில்லையே, என் சிரிப்பைப் பற்றித்தானே கேட்டான்? அதற்கு எந்தப் பயிற்சி வேண்டும்? 'தப்புதான்பா' என்றிருக்கலாம்.

எனக்குப் பதினாலு வயதிருக்கும்போது, யீஷூன் வீட்டில் எல்லாரும் படம் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒருவர் நெளிந்து நெளிந்து நடந்து வருகிற நகைச்சுவைக் காட்சி. எனக்கு அது சிரிப்பா என்று தெரியவில்லை. மாமாவின் முகத்தைப் பார்த்தேன். அவர் சிரித்தார். அப்புறம் நானும் சிரித்தேன். அந்த வரிசை எனக்கு இன்னும் நன்றாக நினைவிருக்கிறது.

என் மனைவி இதை ஒத்துக்கொள்ளவில்லை. "நீங்க சிரிக்கலேன்னாலும் அதுங்க சிரிக்கும். உங்களைப் பார்த்தா கத்துக்குதுங்க? எல்லாம் போன்ல இருக்கு." இருக்கலாம். ஆனால் சிரித்தவர்கள் இருபது பேர். அவன் என்னிடம் மட்டும்தான் வந்து கேட்டான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அதன்பிறகு சில வாரம் அவனைக் கவனித்தேன். யாரோடு கேண்டீன் போகிறான், பையை எப்படி மாட்டுகிறான் என்றெல்லாம். அண்ணனுக்காகக் கேட்டிருக்கலாம், நண்பனுக்காகக் கேட்டிருக்கலாம், யாருக்காகவும் இல்லாமலும் கேட்டிருக்கலாம். ஆராய எனக்கென்ன உரிமை? சிரித்ததைவிட இதற்குத்தான் அதிகம் கூசுகிறது. வாய்மொழிப் பயிற்சியில் என்னோடு மல்லுக்கட்டிப் பேசுபவன், அப்போது இரண்டு வாக்கியத்தில் முடித்துக்கொண்டான். அதற்கு ஆண்டிறுதித் தேர்வுகூடக் காரணமாக இருந்திருக்கலாம்.

2023 ஜனவரி 3 அன்று அந்தச் சட்டம் இல்லாமல் போனது. பள்ளி திறந்ததும் அன்றைக்குத்தான். புதுப் பட்டியலைப் பெயர் சொல்லி வாசித்தேன். முன்வரிசைப் பெண், "நம்பர் கூப்பிட்டா சீக்கிரம் முடியுமே சார்" என்றாள். "உங்க பேரெல்லாம் மனசுல பதியணும்லம்மா" என்றேன். அதுவும் முழு உண்மை இல்லை.

அந்தப் பையன் உயர்நிலை நான்குக்குப் போய்விட்டான்; தமிழுக்கு வேறு ஆசிரியர். நடைபாதையில் பார்த்தால், "வணக்கம் சார்" என்பான். நானும் வணக்கம் சொல்லிவிட்டு, அடுத்த வாக்கியத்தை எடுப்பதற்குள் அவன் படியில் பாதி இறங்கியிருப்பான்.