கல்லாவுக்கு எதிரே நின்றவர்

2015 டிசம்பர் கடைசி வாரம். டாலஸுக்குப் பக்கத்தில் ஓர் இந்திய மளிகைக் கடையில் நான் கல்லாவில் இருந்தேன். முதலாளி தூத்துக்குடிக்காரர், எங்களுக்கெல்லாம் அண்ணாச்சி. அன்றைக்கு அவர் அளவு டேப்பை எடுத்துக்கொண்டு வாசல் கண்ணாடிக் கதவை அளந்துகொண்டிருந்தார்.

ஜனவரி 1 முதல் டெக்சாஸில் லைசென்ஸ் உள்ளவர்கள் கைத்துப்பாக்கியை வெளியே தெரியும்படி வைத்துக்கொண்டு நடமாடலாம் என்று சட்டம் வந்திருந்தது. இடுப்பு உறையிலோ தோள் உறையிலோ இருக்க வேண்டும், அவ்வளவுதான். அதுவரை கைத்துப்பாக்கியை மறைத்துத்தான் வைத்துக்கொள்ள வேண்டும். ரைஃபிளுக்கு மட்டும் அந்தக் கட்டுப்பாடே கிடையாது, முன்பும் தோளில் மாட்டிக்கொண்டு தெருவில் போகலாம். இது எனக்குப் புரியவே பல நாள் ஆனது.

என் கடைக்குள் வேண்டாம் என்று கடைக்காரர் சொல்லலாம். ஆளிடம் நேரில் சொல்லலாம், இல்லாவிட்டால் வாசலில் பலகை வைக்க வேண்டும். மறைத்து வைத்திருப்பவரைத் தடுக்க 30.06 என்ற பலகை, வெளியே தெரிய வைத்திருப்பவரைத் தடுக்க 30.07. இரண்டும் சட்டப் பிரிவின் எண்கள். சட்டத்தில் உள்ள வாசகத்தை ஒரு சொல் மாற்றாமல், ஆங்கிலத்தில் ஒரு தடவை, ஸ்பானிஷில் ஒரு தடவை எழுத வேண்டும். ஒவ்வொரு எழுத்தும் குறைந்தது ஓர் அங்குல உயரம். எங்கள் கடைக்கு இரண்டு வாசல், அதனால் இரண்டிலும்.

அண்ணாச்சி டேப்பைச் சுருட்டினார். "கதவு பூரா இதையே ஒட்டிட்டா, மாவடு வந்திருக்குன்னு எங்கடே ஒட்டுறது?"

பலகை வைக்கவில்லை. இடம் ஒரு சாக்குதான். வைத்தால் துப்பாக்கிக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள், வைக்காவிட்டால் குழந்தையோடு வரும் அம்மாக்கள் பயப்படுவார்கள், எதற்கு வம்பு என்று விட்டுவிட்டார்.

மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை முதல் ஆள் வந்தார். ஆறடிக்கு மேல் உயரம், பூட்ஸ், வலது இடுப்பில் கறுப்புத் தோல் உறை. முழு மல்லி எங்கே இருக்கிறது என்று மரியாதையாகக் கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். வரிசையில் அவருக்குப் பின்னால் நின்ற பெண், வண்டியில் உட்கார்ந்திருந்த குழந்தையின் தலையை மெல்லத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, வண்டியையும் பின்னுக்கு இழுத்து, அரிசி மூட்டைகள் பக்கமாகப் போய்விட்டார். நான் பில் போட்டேன். என் கண்ணுக்கு நேரே அந்தக் கைப்பிடி. மீதிச் சில்லறை கொடுக்கும்போது ஐந்து டாலர் தாளுக்குப் பதில் இருபதைக் கொடுத்திருக்கிறேன். அவர் கதவு வரை போய்த் திரும்பி வந்து, தாளை நீட்டி, "நீங்கள் தவறாகக் கொடுத்துவிட்டீர்கள்" என்றார்.

அன்று முழுவதும் எனக்கு வெட்கமாக இருந்தது. ஊரில் வங்கி வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கும் காவலாளியின் துப்பாக்கியைத் தவிர வேறெதையும் பக்கத்தில் பார்த்தவன் இல்லை நான். அந்த மனிதரின் நேர்மை அவர் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அவர் எதிரே நின்றபோது அது தெரிய வழியில்லை. எனக்குப் பிரச்சினையே அங்கேதான்.

எங்களோடு வேலை பார்த்த ஒரு மெக்சிகன் அக்கா இதைக் கேட்டுச் சிரித்தார். அவர் கைப்பையிலேயே துப்பாக்கி இருந்தது, லைசென்ஸோடு. 1991 அக்டோபரில் டெக்சாஸின் கில்லீன் ஊரில் லூபிஸ் உணவகத்துக்குள் ஒருவன் பிக்கப் வண்டியை மோதி நுழைந்து 23 பேரைச் சுட்டுக் கொன்றான். அங்கே தாய் தந்தை இருவரையும் பறிகொடுத்த சுசானா ஹப், சட்டத்துக்குப் பயந்து தன் துப்பாக்கியைக் காரிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். பிறகு அவர் ஊர் ஊராகப் பேசினார். மறைத்து எடுத்துச் செல்ல லைசென்ஸ் தரும் சட்டம் 1995-ல் வந்ததற்கு அவருடைய வாக்குமூலமும் ஒரு காரணம். அக்கா அந்தப் பக்கம். ஆனால் வெளியே காட்டுவது அவருக்கும் பிடிக்காது. "திருடன் வந்தால் முதல் குண்டு, துப்பாக்கியை வெளியே காட்டிக்கொண்டு நிற்பவனுக்குத்தான்" என்பார். இந்த விவாதத்தில் இரண்டே கட்சிதான் என்று நினைத்திருந்த எனக்கு அது புதிது.

2016 ஜூலை 7 இரவு டாலஸ் நகரின் நடுவில், கறுப்பினத்தவரைப் போலீசார் சுட்டுக் கொன்றதைக் கண்டித்து நடந்த ஊர்வலம் முடியும் நேரத்தில் ஐந்து போலீஸ்காரர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஊர்வலத்தில் 20, 30 பேர் ரைஃபிளோடு வந்திருந்ததாக நகர அதிகாரிகள் சொன்னார்கள். அப்படி வந்த ஒருவரின் படத்தை, சந்தேக நபர் என்று போலீசாரே ட்விட்டரில் போட்டுவிட்டார்கள். அவருக்கும் கொலைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, துப்பாக்கியை அவரே போலீசிடம் கொடுத்துவிட்டார். குண்டு பறக்கும்போது யார் நல்லவர், யார் கெட்டவர் என்று தெரியாமல் திணறினோம் என்ற அர்த்தத்தில் காவல் தலைவர் டேவிட் பிரவுன் பேசினார். பயிற்சி பெற்ற போலீசுக்கே அந்தக் கதி. எனக்குக் கிடைத்த பயிற்சி, காய்கறிகளின் எடைக் குறியீட்டு எண்களை மனப்பாடம் செய்வது.

2019 ஆகஸ்ட் 3-ல் டெக்சாஸின் எல் பாசோ நகரில் வால்மார்ட் கடையில் துப்பாக்கிச் சூடு. பிறகு இறந்தவரையும் சேர்த்து 23 பேர் பலி. அதற்கடுத்த வாரம் எங்கள் கடைக்கு ஓர் இளைஞன் இடுப்பில் துப்பாக்கியோடு வந்தான். கடையில் சட்டென்று பேச்சு நின்றது. கிரைண்டர் ஓடும் சத்தம் மட்டும். அண்ணாச்சி உள்ளேயிருந்து என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார், நீ போய்ச் சொல்லு என்று.

பலகையை மீறி நுழைந்தால் 200 டாலர் வரை அபராதம்தான். ஆனால் நேரில் சொல்லியும் போகாவிட்டால் ஓராண்டு வரை சிறை. அதாவது அங்கே என் வாய்ச்சொல்லுக்குப் பலகையைவிட மதிப்பு அதிகம். மணிக்குப் பத்து டாலர் சம்பளக்காரனின் வாய்ச்சொல்! சட்டசபையில் அடித்துக்கொண்டு தீராத ஒரு விஷயத்தை, கல்லாவில் நிற்பவன் நாலு வரியில் தீர்த்துவைக்க வேண்டும்.

"சார், அதைக் காரில் வைத்துவிட்டு வர முடியுமா?" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. இரண்டாவது தடவை சொன்னேன். அவன் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தான். கூடையைத் தரையில் வைத்துவிட்டு வெளியே போனான். திரும்பி வரவில்லை. கூடையில் மேகி நாலு பாக்கெட், வெங்காயம், ஒரு மாம்பழ லஸ்ஸி. ஒவ்வொன்றாக எடுத்த இடத்தில் வைத்தேன். லஸ்ஸி புட்டியின் ஈரம் கையில் வெகுநேரம் இருந்ததுபோலத் தோன்றியது, அல்லது அது என் வியர்வையா, தெரியாது.

செப்டம்பர் மாதம், வெளியே தெரியும்படி துப்பாக்கி கொண்டுவர வேண்டாம் என்று வால்மார்ட் வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொண்டது. வெறும் வேண்டுகோள்தான். ஆனாலும் "அவனே சொல்லிட்டான், நமக்கென்ன" என்று அண்ணாச்சி மறுவாரமே பலகை வாங்கி மாட்டினார். 2021 செப்டம்பரில் 21 வயது நிறைந்தவர்களுக்கு, சட்டத்தில் வேறு தடை இல்லாவிட்டால், லைசென்ஸே வேண்டாம் என்றானது. அதற்கு 30.05 என்று இன்னொரு பலகை. கதவில் இப்போது மாவடுவுக்கு நிஜமாகவே இடமில்லை.

போன கோடையில், மகன் வீட்டுக்கு வந்திருந்த ஒரு பாட்டி அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்னப்பா, இவ்வளவு பெரிசா எழுதிப் போட்டிருக்கு?"

"துப்பாக்கியோட உள்ள வரக்கூடாதுன்னு போட்டிருக்கு பாட்டி."

"அப்ப மத்த கடைக்கெல்லாம் கொண்டுபோவாங்களா?"

பாட்டியின் முருங்கைக்காயை எடை மேடையில் வைத்தேன். குறியீட்டு எண் மறந்துபோய், பட்டியலைப் பார்த்துத்தான் போட வேண்டியிருந்தது.