கோக்குராவில் ஒரு தவிட்டுப் படுகை: வசந்தம் முதல் இலையுதிர்காலம் வரை

அரிசித் தவிட்டை உப்புநீரில் பிசைந்து, நாள்தோறும் கிளறிப் புளிக்கவைத்து, அதற்குள் காயைப் புதைத்து எடுக்கும் 'நுக்காசுக்கே', ஜப்பானிய ஊறுகாய் வகைகளில் என் மனத்துக்கு மிகவும் நெருக்கமானது. கித்தாக்யூஷூ நகரின் கோக்குரா பகுதியில் பாட்டியிடமிருந்து பேத்திக்குக் கைமாறி வரும் இத்தகைய தவிட்டுக் கலவைகள், அதாவது படுகைகள், இன்றும் உண்டு. அப்படிப்பட்ட ஊரில் குடியிருந்துகொண்டு கடையில் வாங்கித் தின்பதில் மனம் ஒப்பாமல், வசந்தத்தில் நானே ஒன்றைத் தொடங்கினேன்.

தவிடு கிடைப்பதில் சிரமம் இல்லை. காசு போட்டுப் பழுப்பரிசியைத் தீட்டிக்கொள்ளும் சிறு கூடங்கள் இங்கே சாலையோரங்களில் உள்ளன; அவற்றில் சேரும் தவிட்டைப் பல இடங்களில் இலவசமாகவே அள்ளிக்கொள்ளலாம். தவிட்டில் எண்ணெய்ப் பசை மிகுதி என்பதால் நாள்பட்டால் சிக்கு வாடை அடிக்கும். ஆகவே அன்று தீட்டியதையே எடுத்து வந்தேன். 1 கிலோ தவிட்டுக்கு 130 கிராம் உப்பு, ஏறத்தாழ 1 லிட்டர் நீர் என்பது நான் கைக்கொண்ட அளவு. உப்புநீரைக் கொதிக்கவைத்து, நன்றாக ஆறிய பின் சிறிது சிறிதாக ஊற்றிப் பிசைய வேண்டும். கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், இறுக்கினால் விரலிடுக்கில் ஈரம் கசிய வேண்டும், அதுவே பதம். கொம்பு என்னும் கடற்பாசித் துண்டு, காய்ந்த மிளகாய், இந்த ஊர்க்காரர்கள் தவறாமல் இடும், சன்ஷோ என்னும் ஜப்பானிய மிளகின் காய் ஆகியவற்றையும் சேர்த்தேன்.

தொடக்கத்தில் புதைக்கும் காய் உண்பதற்கு அன்று. முட்டைக்கோஸின் வெளியிலைகளையும் முள்ளங்கித் தழையையும் புதைத்து, இரண்டு மூன்று நாளுக்கொரு முறை பிழிந்து எறிந்துவிட்டுப் புதியவற்றை வைத்தேன். அந்த இலைகளில் ஒட்டியிருக்கும் லாக்டிக் அமில பாக்டீரியாக்களும், அவற்றுக்கு உணவாகும் சர்க்கரையும்தான் படுகைக்கு உயிர் தருகின்றன. பச்சைத் தவிட்டு வாடை மெல்ல அடங்கி, மோரை நினைவூட்டும் புளிப்பு மணம் மேலெழுந்தபோது, படுகை விளைந்துவிட்டது என்று தெரிந்தது.

இந்தக் கலையின் நுட்பமெல்லாம் கிளறுவதில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். காற்றுப் படும் மேற்பரப்பில் வெண்ணிற ஏடு கட்டும் ஈஸ்ட் பெருகுகிறது; காற்றே எட்டாத அடிப்பகுதியில் பியூட்ரிக் அமிலத்தை உண்டாக்கும் பாக்டீரியாக்கள் பெருகி, நாள்பட்ட காலுறையின் நாற்றத்தைத் தருகின்றன; நமக்கு வேண்டிய லாக்டிக் பாக்டீரியாக்களோ இரண்டுக்கும் இடையில் செழிக்கின்றன. எனவே மேலுள்ளதை அடிக்கும் அடியிலுள்ளதை மேலுக்கும் கொண்டுவருவதே கிளறுதலின் நோக்கம். வெறுமனே நடுவில் கையை விட்டுச் சுழற்றுவதால் பயனில்லை. கிளறி முடித்ததும் மேற்பரப்பைத் தட்டிச் சமன்செய்து, ஏனத்தின் உட்சுவரில் ஒட்டியதைத் துடைத்துவிட வேண்டும், பூஞ்சை முதலில் பிடிப்பது அங்கேதான். மெல்லிய வெள்ளை ஏட்டை உள்ளேயே கலந்துவிடலாம். பச்சையாகவோ கறுப்பாகவோ பூஞ்சை கண்டால் அந்த இடத்தைத் தாராளமாக அள்ளி எறிவதே நல்லது.

முதலில் உண்ணத் தகுந்ததாக வெளிவந்தது வெள்ளரிக்காய். உப்புத் தேய்த்து முழுதாகப் புதைத்து, அரை நாள் கழித்து எடுத்துக் கழுவி நறுக்கினேன். தோல் சற்றே சுருங்கி அடர்பச்சையாகி இருந்தது. கடித்தால் நறுக்கென்ற ஓசை, முதலில் உப்பு, பிறகு புளிப்பு, கடைசியில் தவிட்டின் இளம் இனிப்பு. சுவையோடு சத்தும் காய்க்குள் இறங்குகிறது: 100 கிராம் பச்சை வெள்ளரியில் 0.03 மில்லிகிராம் அளவே உள்ள வைட்டமின் பி1, இப்படி ஊறியதில் 0.26 மில்லிகிராம் வரை உயர்வதாக ஜப்பானிய உணவுச் சத்து அட்டவணை காட்டுகிறது. தீட்டிய வெள்ளரிசியை விரும்பி உண்ட எடோ (இன்றைய டோக்கியோ) நகரத்து மக்களை, பி1 குறைவால் வரும் பெரிபெரி நோய் வாட்டியதையும், அந்த நோயைத் தீர்க்கும் சத்தை 1910இல் ஜப்பானிய வேதியியலர் சுசுகி உமெத்தாரோ இதே தவிட்டிலிருந்துதான் பிரித்தெடுத்தார் என்பதையும் எண்ணும்போது, இந்த எளிய படுகையின் மீது எனக்கு மதிப்பு கூடுகிறது.

மழைக்காலம் முடிந்து வெயில் ஏறியதும் காலையும் மாலையும் கிளற வேண்டியதாயிற்று. 20 முதல் 25 டிகிரிதான் படுகைக்கு உகந்தது என்பதால், கடும் வெப்ப நாள்களில் குளிர்சாதனப் பெட்டிக்கு மாற்றினேன். காய்கள் விட்ட நீரால் படுகை தளர்ந்தபோது, உலர்ந்த ஷீத்தாக்கே காளான்களைப் புதைத்தேன்; அவை நீரை உறிஞ்சியதோடு தாமும் ஊறி உண்ணச் சுவையாயின. கத்தரிக்காய்க்கு மட்டும் உப்போடு படிகாரமும் சேர்த்துத் தேய்த்தேன். தோலிலுள்ள நாசுனின் என்னும் நிறமி படிகாரத்திலுள்ள அலுமினியத்தோடு பிணைவதால் ஊதா நிறம் மங்காமல் நிற்கிறது. பழைய வீடுகளில் படுகைக்குள் இரும்பு ஆணி இட்டு வைப்பதும் இதற்காகத்தான்.

இலையுதிர்காலத்தில், கோக்குராவுக்கே உரிய 'நுக்காதாக்கி'யைச் சமைத்தேன். மத்தி மீனைச் சோயா சாறு, மிரின் என்னும் இனிப்பு அரிசி மது, சர்க்கரை, இஞ்சி சேர்த்துச் சிறு தீயில் வேகவைத்து, படுகையிலிருந்து அள்ளிய தவிட்டை அதில் கரைத்துக் குழம்பு கெட்டியாகும்வரை விட்டேன். மீன் கவிச்சி முற்றிலும் அடங்கி, தவிட்டின் புளிப்பு சோயாவின் இனிப்போடு கலந்து நின்றது. சூடான சோற்றுக்கு இதைவிடப் பொருத்தமான துணையை இந்த ஊரில் நான் இன்னும் உண்டதில்லை. அள்ளிய அளவுக்குப் புதுத் தவிடும் உப்பும் இட்டுப் பிசைந்துவிட்டேன். அந்தப் பச்சை வாடை போகும்வரை படுகையில் மீண்டும் முட்டைக்கோஸ் வெளியிலைகள்தான்; அதன்பின் முள்ளங்கியைப் புதைக்கலாம் என்றிருக்கிறேன்.